பாதிக் களத்து நட்சத்திரங்கள்

1968 மார்ச் மாதம், அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகரான டி மாய்னில் உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கான மாநிலக் கூடைப்பந்து இறுதி ஆட்டம் நடந்தது. எவர்லி என்ற சிற்றூரின் பள்ளிக்காக ஆடிய ஜெனட் ஓல்சன் அன்றைக்கு மட்டும் 76 புள்ளிகள் குவித்தார். அப்படியும் அவருடைய அணி தோற்றது. எதிரணியான யூனியன்-விட்டன் பள்ளியின் டெனிஸ் லாங் 64 புள்ளிகள் எடுத்தார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி சிண்டி லாங் 41 எடுத்தார். கூடுதல் நேரம்வரை போன ஆட்டம் 113-107 என்று முடிந்தது.

ஒரு பள்ளி ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 220 புள்ளிகள். அதைவிடப் பெரிய வியப்பு, பார்க்க வந்த கூட்டம். வெட்டரன்ஸ் மெமோரியல் அரங்கில் சுமார் பதினைந்தாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தொலைக்காட்சி அந்த ஆட்டத்தை மாநில எல்லையைத் தாண்டியும் கொண்டுபோனது. பெண்கள் ஆடுவதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று உலகம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அயோவாவில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

பள்ளி மாணவியர் போட்டித் தொடர் ஒன்றில் தனித்து நின்றவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நான் இந்த மாநிலத்தையும் இந்தத் தொடரையும்தான் தேர்ந்தெடுப்பேன். திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது. அதை ஒரு மாநிலமே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது அயோவாவில்தான். அதே சமயம், சிலரை உச்சியில் ஏற்றிவைத்த ஆட்ட விதி வேறு சிலரைக் கண்ணில் படாமலே நிறுத்திவைத்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

அயோவா ஆடியது நாம் இன்று பள்ளிகளில் பார்க்கிற ஐவர் கூடைப்பந்து இல்லை. அணிக்கு ஆறு பேர். களத்தின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் மூன்று ஃபார்வர்டுகள், மறுபக்கம் மூன்று கார்டுகள். யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. கூடையில் பந்து போடுவது ஃபார்வர்டுகளின் வேலை மட்டும். பந்தைத் தரையில் இரண்டு முறைதான் தட்டலாம்; அதற்குமேல் பாஸ் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கூடையை நோக்கி எறிய வேண்டும். எதிரணி ஃபார்வர்டுகளைத் தடுத்து, பந்தைப் பறித்து, நடுக்கோடுவரை கொண்டுவந்து தங்கள் ஃபார்வர்டிடம் ஒப்படைப்பதோடு கார்டின் வேலை முடிந்தது. கூடை விழுந்ததும் நடுவர் பந்தை நடுவட்டத்துக்கு எடுத்துவந்து எதிரணி ஃபார்வர்டின் கையில் கொடுப்பார். ஒரு கார்டை யாராவது ஃபவுல் செய்தாலும் ஃப்ரீ த்ரோ போடுவது அவர் இல்லை. களத்தின் மறுமுனையில் அவருடைய அணி ஃபார்வர்டு ஒருவர் போடுவார். கபடியில் பாடிப் போகிறவர் யாரையும் பிடிக்கவே கூடாது, பிடிக்கிறவர் ஒருநாளும் பாடிப் போகக் கூடாது என்று விதி வைத்தால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட ஆட்டம் அது.

இப்போது 76, 64 என்ற எண்களின் காரணம் புரியும். உயரமும் குறிதவறாத கையும் கொண்ட ஒரு ஃபார்வர்டு இருந்தால் பந்து திரும்பத் திரும்ப அவரிடமே வரும். பாதிக் களம்தான் என்பதால் ஓடிக் களைக்க வேண்டியதில்லை. ஆனால் அதனால் அது எளிதான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டே தட்டலுக்குள் தடுப்பவரை ஏமாற்றித் திரும்பி எறிய வேண்டும் என்றால் காலடியில் கணக்குச் சுத்தம் வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று கார்டுகளில் இரண்டு பேர் அவர்மேல்தான் விழுவார்கள். டெனிஸ் லாங் அதே 1968 மாநிலத் தொடரின் முதல் சுற்றில் பெனட் பள்ளிக்கு எதிராக 93 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் 32 நிமிடம்தான். நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி.

இப்படியொரு ஆட்டம் எங்கிருந்து வந்தது? 1891 டிசம்பரில் மாசச்சூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே பக்கத்து ஊரான நார்தாம்ப்டனில், ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை சென்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்கு அறிமுகப்படுத்தினார். பெண்கள் அளவுக்கு மீறி ஓடினால் உடல்நலம் கெடும் என்று மருத்துவர்களே நம்பிய காலம். பெரன்சன் களத்தை மூன்றாகப் பிரித்தார். பந்தைத் தட்டிப் பறிப்பதைத் தடைசெய்தார். அந்தத் தடைகளோடுதான் ஆட்டம் நாடு முழுக்கப் பரவியது. பிறகு மூன்று பகுதிகள் இரண்டாயின, அணிக்கு ஆறு பேர் என்பது நிலைத்தது. பெண்களின் உடல்மேல் இருந்த ஐயத்தில் பிறந்த விதி, ஐம்பது ஆண்டுகள் கழித்து வேகமான பள்ளி ஆட்டமாக மாறி நின்றது என்பது எனக்கு இன்றும் தீராத ஆச்சரியம்.

அயோவாவின் முதல் மாநிலத் தொடர் 1920இல் டி மாய்னின் டிரேக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கரெக்‌ஷன்வில் என்ற ஊர்ப் பள்ளி கோப்பையை வென்றது. ஐந்தே ஆண்டுகளில் ஆபத்து வந்தது. பெண்கள் காசு கொடுத்துப் பார்க்க வரும் கூட்டத்தின் முன்னால் போட்டி போடுவது தகாது என்ற கருத்து அன்று அமெரிக்கக் கல்வியாளர்களிடம் வலுவாக இருந்தது. 1923இல் தேசிய அளவில் ஒரு மகளிர் விளையாட்டுப் பிரிவு அமைந்து, மாணவியர் போட்டித் தொடர்களையே எதிர்த்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் பின்னாளில் குடியரசுத் தலைவரின் மனைவியான லூ ஹென்ரி ஹூவர். அவர் பிறந்த ஊர் அயோவாவின் வாட்டர்லூ. 1925இல் அயோவா பள்ளி விளையாட்டு அமைப்பும் மாணவியர் தொடரைக் கைவிடத் தீர்மானித்தது.

சிற்றூர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. சுரங்கத் தொழில் ஊரான மிஸ்டிக் பள்ளியின் ஜான் ஏகன்ஸ் தீர்மானம் வந்த கூட்டத்திலேயே எழுந்து, மாணவியர் கூடைப்பந்தை ஒழிக்கப் பார்த்தால் தண்டவாளத்தின் நடுவே நிற்கிறவர்கள்மேல் ரயில் ஏறிப் போவதுபோல ஆகும் என்று எச்சரித்தார். அவரும் நண்பர்களும் வெளியேறி, மாணவியர் விளையாட்டுக்கென்றே தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. பெரிய நகரப் பள்ளிகள் நெடுங்காலம் ஒதுங்கி நிற்க, சோளக்கொல்லைகளுக்கு நடுவே இருந்த சிறிய ஊர்கள்தான் ஆட்டத்தைத் தாங்கிப்பிடித்தன. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஊர்களில் பெண்கள் விடியலுக்கு முன் எழுந்து மாடு கறந்தார்கள், வைக்கோல் பொதி தூக்கினார்கள். பந்தோடு ஓடினால் இந்தப் பெண்ணுக்கு உடம்பு கெடும் என்று அவர்களின் தகப்பன்மாரிடம் போய் யாராலும் சொல்ல முடியாது.

1954இல் சங்கத்தின் பொறுப்புக்கு வந்த வெய்ன் கூலி அடுத்த நாற்பத்தெட்டு ஆண்டுகள் அதை நடத்தினார். மாநிலத் தொடரைத் திருவிழாவாக்கியவர் அவர். தொடருக்குத் தகுதி பெற்ற பதினாறு அணிகளும் மார்ச் மாதத்தில் ஒரு வாரம் டி மாய்னில் தங்கும். இசைக்குழு, அணிவகுப்பு, இடைவேளைக் கலைநிகழ்ச்சி எல்லாம் உண்டு. ஆடுகளத்தைத் துடைக்க வருகிறவர்கள்கூட டக்சீடோ உடையில் வருவார்கள். பெண்கள் ஆடும் தரையை ஆண்கள் அத்தனை மரியாதையோடு துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்று யோசித்த மனிதரை எனக்குப் பிடிக்கும். தொடர் நடக்கும் வாரத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார்கள். ஊரே காலியாகி டி மாய்னில் இருக்கும்.

அந்த மேடையில்தான் டெனிஸ் லாங் நாடறிந்த பெயரானார். அவர் வளர்ந்த விட்டன், சில நூறு பேர்கூட இல்லாத ஊர். 1969இல் பள்ளிப்படிப்பை முடித்தபோது அவருடைய மொத்தப் புள்ளிகள் 6,250. அந்த ஆண்டு தொழில்முறை ஆடவர் அணியான சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ், தன் லீக்கான என்.பி.ஏ.யின் வீரர் தேர்வில் பதின்மூன்றாவது சுற்றில் அவர் பெயரை அறிவித்தது. என்.பி.ஏ. ஆணையர் வால்டர் கென்னடி அந்தத் தேர்வைச் செல்லாது என்று தள்ளிவிட்டார். அணி உரிமையாளர் ஃபிராங்க்ளின் மியூலியின் விளம்பர உத்தி இது என்று பலர் பேசினார்கள். விளம்பரம் அதில் இருந்தது உண்மை. ஆனால் மியூலி அத்தோடு நிற்கவில்லை. லாங்கை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வரவழைத்து, தன் அணியின் ஆட்டங்களை ஒட்டிப் பெண்கள் ஆடுவதற்கு ஒரு சிறு லீக்கையும் ஏற்பாடு செய்தார். ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிவரை போய்வந்தார் அந்தப் பதினெட்டு வயதுப் பெண். அந்த லீக் நீடிக்கவில்லை. லாங் பின்னாளில் மருந்தாளுநரானார். என்.பி.ஏ. அதிகாரபூர்வமாக ஏற்ற பெண் தேர்வு 1977இல்தான் நடந்தது. மிசிசிப்பியின் லூசியா ஹாரிஸை நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் தேர்ந்தெடுத்தது.

லாங்கின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த என்.பி.ஏ. செய்தியிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, பதினெட்டு வயதில் அவருக்குப் போக இடமில்லாமல் போனது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு விளையாட்டு உதவித்தொகை அன்று ஏறக்குறைய இல்லை. 1971-72இல்கூட நாடு முழுக்கப் பள்ளி விளையாட்டுகளில் இருந்த மாணவியர் மூன்று லட்சத்துக்கும் குறைவு. மாணவர்கள் 36 லட்சத்துக்கும் அதிகம். பதினைந்தாயிரம் பேர் முன்னால் ஆடிய பெண், பள்ளி முடிந்த மறுநாள் முன்னாள் வீராங்கனை. ஓல்சனுக்கும் அதே நிலைதான். உச்சி அங்கேயே முடிந்தது.

பள்ளிக்கு அப்பால் மூடியிருந்த கதவை முதலில் தள்ளித் திறந்தவர்களில் ஒருவர் மொராவியா என்ற ஊரிலிருந்து வந்த மோலி போலின். பள்ளியில் ஒரே ஆட்டத்தில் 83 புள்ளிகள் எடுத்தவர். 1978இல் அமெரிக்காவில் பெண்களுக்கான முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் தொடங்கியபோது அதில் முதலில் ஒப்பந்தமானவர் அவர்தான். அயோவா கார்னெட்ஸ் அணிக்காக ஆடினார். மெஷின் கன் மோலி என்று பெயர் வாங்கினார். அந்த லீக் மூன்று பருவங்களோடு நின்றுபோனது.

லாங்கின் 6,250ஐ முறியடித்தவர் வென்ச்சுரா பள்ளியின் லின் லோரன்சன். 1987இல் பள்ளியை முடித்தபோது அவர் கணக்கில் 6,736 புள்ளிகள் இருந்தன. அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்தில் ஆண், பெண் யாரும் இந்த எண்ணைத் தாண்டவில்லை, இனி தாண்டப்போவதும் இல்லை. ஆறு பேர் ஆடும் ஆட்டமே இல்லாமல் போய்விட்டதே.

புள்ளிக்கணக்கு இத்தனை சொன்னேன். இந்தக் கணக்கில் இடமே இல்லாதவர்கள் கார்டுகள். ஒவ்வோர் அணியிலும் பாதிப் பேர் பள்ளிக்காலம் முழுக்க ஆடியும் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு புள்ளிகூட எழுதப்பட்டதில்லை. புள்ளி எடுப்பதை விதியே தடுத்தது. 113-107 என்ற ஆட்டத்தில் யூனியன்-விட்டன் வென்றது ஆறு புள்ளி வித்தியாசத்தில். ஓல்சன் 76 எடுத்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் 84 எடுக்காமல் தடுத்தவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் கிடைக்காது. கூடுதல் நேரத்தில் பறித்த ஒரு பந்து, எதிரியின் கையில் பட்டு வெளியே போன ஒரு பாஸ், உயரமான ஃபார்வர்டைக் கூடையிலிருந்து இரண்டடி வெளியே தள்ளியே வைத்திருந்த முதுகு, இப்படிப்பட்டவைதான் கோப்பைகளைத் தீர்மானித்தன. அயோவாவின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியல்களில் கார்டுகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள், அது உண்மை. ஊர்மக்களும் நல்ல கார்டைக் கொண்டாடினார்கள். ஆனால் காலம் கடந்து வருவது எண்கள்தான். எண் இல்லாதவர்களுக்குத் தலைமுறை தாண்டிய புகழ் கிடைக்கவில்லை.

கார்டுகளுக்கு இன்னொரு இழப்பும் இருந்தது. 1972இல் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த டைட்டில் ஒன்பது சட்டம் வந்தது. பல்கலைக்கழகங்கள் மெல்லப் பெண்களுக்கும் உதவித்தொகை தரத் தொடங்கின. அங்கே ஆடியது ஐவர் ஆட்டம். அயோவாவிலிருந்து போகும் ஃபார்வர்டுக்குத் தடுப்பாட்டம் தெரியாது என்றாலும், கூடையில் போடத் தெரியும். மற்றதைக் கற்றுக்கொடுக்கலாம் என்று பயிற்சியாளர்கள் துணிந்து எடுப்பார்கள். கூடையை நோக்கி ஒருமுறைகூட எறிந்திராத கார்டை யார் எடுப்பார்கள்? அப்பாவின் கொட்டிலில் தொங்கும் வளையத்தில் தானே போட்டுப் பழகியிருந்தாலும் அதைக் காட்டக் களத்தில் வாய்ப்பே கிடையாது.

ஆகவே எதிர்ப்பு உள்ளிருந்தே கிளம்பியது. டென்னசியில் ஒரு மாணவி 1976இல் நீதிமன்றம் போனார். சில ஆண்டுகளில் அந்த மாநிலம் ஐவர் ஆட்டத்துக்கு மாறியது. 1983இல் அயோவாவிலும் மாணவியர் சார்பில் வழக்கு வந்தது. ஆறு பேர் ஆட்டம் தங்கள் கல்லூரி வாய்ப்பைப் பறிக்கிறது என்பது அவர்கள் வாதம். 1985இல் அயோவாவில் ஐவர் ஆட்டத்துக்கும் மாநிலத் தொடர் தொடங்கியது. எட்டு ஆண்டுகள் இரண்டும் அருகருகே ஓடின. 1993இல் ஹப்பார்ட்-ராட்கிளிஃப் பள்ளி வென்ற கோப்பையோடு அயோவாவில் ஆறு பேர் ஆட்டம் முடிந்தது. கடைசியாக விடைகொடுத்த மாநிலம் ஓக்லஹோமா, 1995இல்.

வழக்குப் போட்ட மாணவியர் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து நீ இனி தடுப்பதற்கு மட்டும்தான் என்று சொல்லும் ஆட்டத்தை, எத்தனை பேர் ரசித்தாலும், நியாயப்படுத்த முடியாது. ஆனால் மாற்றத்தில் கைநழுவியது ஒன்று உண்டு. முன்பு மாநிலம் முழுமைக்கும் ஒரே கோப்பை. எழுபது எண்பது மாணவர்கள் படிக்கிற பள்ளியும் ஆயிரம் பேர் படிக்கிற பள்ளியும் ஒரே கோப்பைக்கு மோதின. சிறிய பள்ளிகளும் வென்றன. இன்று மாணவர் எண்ணிக்கைப்படி ஐந்து பிரிவுகள், ஐந்து கோப்பைகள். பெருநகரப் பள்ளியோடு மோத வேண்டியதில்லை என்பது சிறிய பள்ளிக்கு வசதிதான். ஆனால் எவர்லிக்கும் விட்டனுக்கும் ஒரு மாநிலமே கண்விழித்த அந்த இரவு இனி வாய்க்காது.

பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. வெஸ்ட் டி மாய்னில் டவ்லிங் கத்தோலிக்கப் பள்ளிக்காக ஆடிய கெய்ட்லின் கிளார்க், 2019 பிப்ரவரியில் மேசன் சிட்டி பள்ளிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்தார். அதில் மூன்று-புள்ளிக் கூடைகள் மட்டும் பதின்மூன்று. முழுக் களமும் ஓடி, தடுத்து, பந்தைத் தானே கொண்டுவந்து எடுத்த 60 அது. லாங்கின் 93ஐ அதன் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று அளப்பது வீண் வேலை. இரண்டும் வேறு வேறு ஆட்டங்கள். கிளார்க் பள்ளிக்காலத்தில் மாநிலக் கோப்பையை வென்றதில்லை. பிறகு அவர் அயோவா பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். 2023 அக்டோபரில் கின்னிக் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் திறந்தவெளியில் கூடைப்பந்துக் களம் அமைத்து நடத்திய ஒரு நட்பு ஆட்டத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். பெண்கள் கூடைப்பந்தில் அதுவரை காணாத கூட்டம். உலகம் இதைக் கிளார்க்கின் மாயம் என்று எழுதியது. அவருடைய திறமைக்கு ஈடில்லைதான். ஆனால் அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிமார்களில் எத்தனையோ பேர் டி மாய்ன் அரங்கில் ஆடியவர்கள், அல்லது ஆடியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். பெண்கள் ஆடினால் குடும்பத்தோடு போய்ப் பார்க்க வேண்டும் என்பதை அந்த மாநிலம் 1920இலேயே கற்றுக்கொண்டுவிட்டது.

1968இல் களத்தில் நின்றவர்கள் இப்போது எழுபதுகளின் நடுவில் இருக்கிறார்கள். ஃபார்வர்டுகளின் பேட்டிகள் நிறைய வந்துவிட்டன. கார்டுகளின் நினைவுகளை யாராவது ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் விரைவாக. டெனிஸ் லாங்கை 93 புள்ளிகள்வரை விடாமல் துரத்திக்கொண்டிருந்த பெனட் பள்ளிக் கார்டுகளிடமிருந்தே தொடங்கலாம். அன்றைக்கு அவரை அத்தனை அருகில் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை.